பாட்டன் பெயர் எந்தப் பேரேட்டில்?

மும்பையில் குடியிருக்கும் தமிழரைப் பார்த்து, "உங்கள் தாத்தா எந்த வருஷம் இந்த ஊருக்கு வந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது அந்தக் காலத்திலேயே வந்துட்டார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேலே மேலே பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால் பூட்டனின் சொந்தப் பெயரைக் கேட்டால் நாக்கு தடுமாறுகிறது.

திண்ணையில் பேசும்போது 'அந்தக் காலம்' என்ற பதில் போதும். சர்க்கார் ஆபீஸில் போதாது. அங்கே தேதி வேண்டும், காகிதம் வேண்டும், காகிதத்தில் பெயர் வேண்டும். முன்னோரைத் தேடுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த மூன்று தேதிகளைக் கவனிக்க வேண்டும்.

மூன்று தேதிகள்

முதல் தேதி 1950 ஆகஸ்டு 10. தாழ்த்தப்பட்ட ஜாதிகளின் பட்டியல் ஜனாதிபதி உத்தரவாக வெளிவந்த நாள். மகாராஷ்டிரத்தில் அந்தச் சலுகை கேட்கும் குடும்பம், அந்த நாளிலோ அதற்கு முன்போ இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். ஜாதியின் பெயர் இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஒரு மாநிலத்துச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று சுப்ரீம் கோர்ட்டும் 1990-லிருந்து சொல்லி வருகிறது. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு இதே போன்ற தேதி 1967 அக்டோபர் 13. ஆக, இன்று காலேஜில் சேர விண்ணப்பம் போடும் பெண்ணின் சீட்டு, அவள் பார்த்தேயிராத கொள்ளுத் தாத்தாவின் ஒரு காகிதத்தில் தொங்கலாம்.

இரண்டாவது தேதி 1982 ஜனவரி 1. அந்த மாதம் 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தில் தொழிலாளருக்கு வீடு என்று சர்க்கார் திட்டம் போட்டபோது, 1982 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ ஆலையில் வேலை பார்த்தவர் அல்லது அவருடைய வாரிசு என்று நிரூபிக்கச் சொன்னார்கள். டிக்கெட் நம்பர், வைப்பு நிதிச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை போன்றவையே சாட்சி. பரேல், லால்பாக் ஆலைகளில் கொங்கணத்துக்காரர்களை விட நம்மவர் தொகை குறைவுதான். குறைவான அந்தப் பேரிலும், அப்பாவின் டிக்கெட் நம்பர் தெரியாததால் மனுவே போடாதவர்கள் உண்டு.

மூன்றாவது தேதி 2000 ஜனவரி 1. இது தாராவிக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். புனர்நிர்மாணத் திட்டத்தில், அந்த நாளுக்கு முன்பே தரைத் தளத்தில் குடியிருந்ததை நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்கள் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அறுபது, எழுபது வருஷமாக இருக்கிற குடும்பமும் நேற்று வந்த குடும்பமும் அதிகாரியின் மேஜைக்கு முன் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. காகிதம் உள்ளவன் பழையவன், இல்லாதவன் புதியவன். 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்ததே, அன்று தண்ணீரில் போன டிரங்குப் பெட்டிகளில் எத்தனை குடும்பங்களின் வயது கரைந்து போயிற்றோ!

கப்பல் ஏறியவரும் ரயில் ஏறியவரும்

நம்மைப் போலவே ஊரை விட்டுப் போன இன்னொரு கூட்டத்தைப் பாருங்கள். 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு எதிரே பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. இன்று டர்பனில் இருக்கும் பேரன் அந்தக் கப்பல் பட்டியலைப் பார்த்து, வட ஆர்க்காட்டில் தன் ஊர் எது என்று கண்டுபிடித்து வந்து கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுப் போகிறான்.

மொரிஷியஸிலும் அப்படியே. அங்கே மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிலையம் குடியேறியவர்களின் பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் அங்கே போன ஜனாதிபதி திரௌபதி முர்மு, இந்திய வம்சாவளியினருக்கு ஏழாவது தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். ஏழு தலைமுறையை எதை வைத்து நிரூபிப்பது? அந்தப் பேரேடுகளை வைத்துத்தான்.

கூலிகள் மேல் கொண்ட பாசத்தால் வெள்ளைக்காரன் அந்தப் பெயர்களை எழுதவில்லை. தோட்ட முதலாளிக்கு ஆள் கணக்குக் காட்ட வேண்டும். ஓடினால் பிடிக்க அடையாளம் வேண்டும். அடிமைத்தனத்துக்காக எழுதிய கணக்கு, பேரப்பிள்ளைகளுக்கு வம்ச சரித்திரமாக ஆகிவிட்டது.

நம் பாட்டன்மார் கப்பல் ஏறவில்லை, ரயில் ஏறினார்கள். பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து போன தண்டவாளமும் 1871-ல் ராய்ச்சூரில் சந்தித்தன. 1876-ல் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. அதே 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஊரில் சோறில்லை, வாசலில் ரயில் நிற்கிறது. வேறென்ன நடக்கும்? தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தார்கள். பிறகு ரயில்வேக்கும், துறைமுகத்துக்கும், முனிசிபாலிட்டிக்கும், ஆலைகளுக்கும் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கம்பெனி ஆபீஸ்களுக்கு வந்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினார்கள்.

இத்தனை பேரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டில் என்ன இருந்தது? புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை நம்பர், தேதி. ஆளின் பெயருக்கு அதில் இடமே கிடையாது. நானும் ரயில்வே குமாஸ்தா என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை ரூபாய் வசூல் என்று ரயில்வே காலணா பாக்கியில்லாமல் கணக்கு வைத்தது. யார் வந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. கூலியாகக் கொண்டு போகப்பட்டவனுக்குப் பேரேடு உண்டு. சுதந்திரமாக வந்தவனுக்கு இல்லை. இதுதான் நமது சங்கடம்.

கல்லும் நிரந்தரமில்லை

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் லோவெல் என்று ஓர் ஆலை நகரம் உண்டு. அயர்லாந்து, கனடா, கிரீஸ், போலந்து என்று பல திக்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே நூல் நூற்றார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். கல்லில் உள்ள பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு, மரணப் பதிவேட்டையும் குடிக்கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த நாட்டில் 72 வருஷம் கழித்துக் குடிக்கணக்குத் தாள்களை ஜனங்களுக்குத் திறந்து விடுவது வழக்கம். 1950-ம் வருஷக் கணக்கு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நம் நாட்டிலோ 1948-ம் வருஷத்துச் சட்டப்படி குடிக்கணக்குத் தாளை யாரும் பார்வையிட முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

நமக்குக் கல்லறையாவது உண்டா? எரிக்கிறவர்களுக்குக் கல்லே இல்லை. புதைக்கிறவர்களுக்கும் மும்பையில் இடம் இல்லை. செவ்ரி கிறிஸ்தவத் தோட்டத்தைப் போலப் பழைய இடங்களில்கூட, சொந்தக் குழி இல்லாத ஏழைகளின் எலும்புகளைச் சில காலம் கழித்து எடுத்துவிட்டு அதே குழியில் அடுத்தவரை வைக்கிறார்கள். சிலுவையும் பெயர்ப் பலகையும் ஓரமாய்ப் போகின்றன. அத்தோடு பெயரும் போகிறது.

வெள்ளைக்காரர்களின் கல்லறைகளுக்கு இந்தக் கதி வரவில்லை. சென்னை மாகாணத்தில் இருந்த அவர்களுடைய கல்வெட்டுகளையெல்லாம் திரட்டி ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-லேயே புத்தகம் போட்டுவிட்டார். நாடு விட்டுப் போன பிறகும், தெற்காசியாவில் உள்ள தங்கள் கல்லறைகளைக் காக்க 1976-ல் லண்டனில் ஒரு சங்கம் வைத்தார்கள். அதைக் குறை சொல்ல வேண்டாம், பார்த்துக் கற்றுக்கொள்வோம். கல்லில் பெயர் வெட்டுவது நமக்கு அவர்கள் சொல்லித் தந்த வித்தை அல்ல. தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் இருக்கிறது. ஆநிரைச் சண்டையில் விழுந்தவனுக்கே கல் நட்டவர்கள் நாம்.

எங்கே தேடுவது?

முதலில் சுடுகாடு, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றின் ஆபீஸ். கல் இல்லாவிட்டாலும் அங்கே ரிஜிஸ்தர் உண்டு. அடுத்தது முனிசிபல் வார்டு. பிறப்பு, இறப்பைப் பதிவது மும்பை முனிசிபாலிட்டிக்கு 1888-ம் வருஷத்துச் சட்டம் முதற்கொண்டே கடமை. தாராவிக்கு ஜி வடக்கு வார்டு. மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு. பரேலுக்கும் செவ்ரிக்கும் எஃப் தெற்கு. செம்பூருக்கு எம் மேற்கு. 1969-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் வாங்க யாருக்கும் உரிமை உண்டு. சாவுக்கான காரணத்தை மட்டும் அந்த நகலில் காட்ட மாட்டார்கள்.

மூன்றாவது வேலை செய்த இடம். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப் 1915-ல் ஏற்பட்டது. அங்கே சேர்ந்தவருக்கு சர்வீஸ் ரிஜிஸ்தர் உண்டு. அதில் பிறந்த தேதியும் சொந்த ஊரும் உண்டு. ஆலைத் தொழிலாளருக்கு 1952 முதல் வைப்பு நிதிக் கணக்கு உண்டு. நான்காவது பள்ளிக்கூடம். தாராவியின் முதல் பள்ளிக்கூடமே 1924-ல் கட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் என்பார்கள். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பையனின் பெயரோடு தகப்பனார் பெயரும் பிறந்த இடமும் இருக்கும். 1950-க்கு முந்திய அப்படி ஒரு வரி, தங்கத்துக்குச் சமம்.

சர்க்கார் ஆபீஸ் கைவிரித்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்திய விஷயம் என்றால், மறுப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் பல செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

இனி வீட்டுக்குள் வாருங்கள். நம் சனங்களின் கல்வெட்டு பரணில் இருக்கிறது. பித்தளைக் குடத்தின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்; பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். ஒரு கல்யாணத்து மொய் நோட்டு, அந்த வருஷம் தாராவியில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு நாமே எடுத்த குடிக்கணக்கு. கோயில் படியிலும் மணியிலும் 'உபயம்' என்று வெட்டிய பெயர்கள், சங்கத்து மினிட் புத்தகம், சந்தா ரசீது, மணியார்டர் ரசீது, பழைய ரேஷன் கார்டு எல்லாம் சாட்சிகளே. பம்பாயில் ரேஷன் 1943-லேயே வந்துவிட்டது. அதிகாரி ஏற்பாரோ மாட்டாரோ, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்ட இவை உதவும்.

இசக்கியா, எசக்கியா, யசக்கியா?

தேடுகிறவர்கள் தோற்றுப் போகும் இடம் எழுத்து. நம் பெயரை எழுதியது நாம் அல்ல. மராத்தி குமாஸ்தாவோ பார்ஸி டைம்கீப்பரோ எழுதினார். காதில் விழுந்ததை எழுதினார். இசக்கிமுத்து ஆங்கில 'ஐ'யில் இருக்கலாம், 'இ'யில் இருக்கலாம், 'ஒய்'யிலும் இருக்கலாம். தமிழில் ஒரே 'க', ஒரே 'த', ஒரே 'ப'. அங்கே கந்தன் 'கே'யிலும் 'ஜி'யிலும் வருவான். பரமசிவம் 'பி'யின் இரண்டு வகையிலும் வருவார். நம் 'ழ' அவர்களுக்கு இல்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதினார்களா, ஜாதியை எழுதினார்களா, ஊரை எழுதினார்களா, வெறுமனே 'மதராஸி' என்று எழுதி முடித்தார்களா என்பது அன்று எழுதியவரின் பொறுமையைப் பொறுத்தது. ஆகவே ஒரு எழுத்தில் இல்லையென்றவுடன் திரும்பி வராதீர்கள். நாலு எழுத்தில் தேடச் சொல்லுங்கள்.

அதிலும் பெண்களின் நிலைமை பரிதாபம். ஆலை மஸ்டரில் பெயர் ஏறிய பெண்கள் உண்டு. ஆனால் வீட்டில் முறுக்குச் சுற்றியும், இட்டிலி விற்றும், பாத்திரம் தேய்த்தும் குடும்பத்தை நிறுத்திய பாட்டிமார்களுக்கு மஸ்டர் ஏது? அவர்கள் பெயரைப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், தாயார் கட்டத்தில் தேட வேண்டும். 2024 மே 1-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாயார் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று மகாராஷ்டிர சர்க்கார் முடிவு செய்தது. நல்ல முடிவு. நம் பாட்டிகளுக்கு அது எட்டவில்லை. அவர்கள் பெயரை நாம்தான் எழுதியாக வேண்டும்.

மறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"செத்தவர்களைத் தோண்டி என்ன ஆகப் போகிறது? ஜாதிதான் வெளியே வரும்" என்கிறார்கள் சிலர். இந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். ஊரில் பட்ட அவமானத்தை மறக்கவே பம்பாய்க்கு வந்தவர்கள் நம்மில் ஏராளம். பெயரின் வாலை வெட்டியவர்கள் உண்டு. பெயரையே மாற்றியவர்கள் உண்டு. 1960-களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி நடந்தபோது, கடைப் பலகையைக் கழற்றி வைத்தவர்களும் உண்டு. அவர்கள் மறைத்ததை ஊரறிய விரித்துப் போடும் உரிமை பேரனுக்கும் கிடையாது. குடும்பத்துக் காகிதம் குடும்பத்தில் இருக்கட்டும். வெளியே வைக்க வேண்டியது பெயர், ஊர், வந்த வருஷம், செய்த வேலை; இவ்வளவு போதும்.

ஆனால் மறப்பது வேறு, தொலைப்பது வேறு. அவர்கள் அவமானத்தை மறக்க விரும்பினார்கள். பிள்ளைகளின் உரிமையைத் தொலைக்க விரும்பவில்லை. தவிர, நாம் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். "தாராவி என்றால் நேற்று வந்து ஆக்கிரமித்தவர்கள்" என்று எழுதுவார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887-லும், பிள்ளையார் கோயில் 1913-லும் ஏற்பட்டவை என்று சொல்லப்படுகிறது. சேற்றையும் சதுப்பையும் மேடாக்கி அங்கே குடியிருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் நம் கையில் இருந்தால், அந்தப் பேச்சுக்கு வேறு பதிலே வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

சங்கங்கள் நம்மிடம் ஏராளம். ஆண்டு விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். இவற்றோடு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்கினால் என்ன? நான்கு இளைஞர்கள், ஒரு நோட்டுப் புத்தகம், படம் எடுக்க ஒரு கைபேசி. கல்லறைத் தோட்டத்தில் தமிழ் எழுத்துள்ள கற்களைப் படம் எடுக்கட்டும். கோயில் உபயப் பலகைகளை எழுதிக்கொள்ளட்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் உட்கார்ந்து, எந்த வருஷம் வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், எந்த முதலாளியிடம் சேர்ந்தீர்கள் என்று கேட்டு எழுதட்டும். ஆலைத் தொழிலாளர்களிடம் இப்படிக் கேட்டு நீரா அடார்கரும் மீனா மேனனும் 2004-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்கள். நமக்குப் புத்தகம் வேண்டாம். முதலில் ஒரு பேரேடு போதும்.

எழுதப் படிக்கத் தெரிந்த மாட்டுங்கா, செம்பூர் குமாஸ்தாக்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. மனு எழுதுவது, பிரிவைக் குறிப்பிடுவது, ரசீது வாங்குவது, மறுபடி போய் நிற்பது நமக்குக் கைவந்த கலை. நாள் முழுக்க யாருக்காகவோ எழுதும் கை, தாராவியில் உள்ள தமிழருக்காக வாரத்துக்கு ஒரு மனு எழுதினால் குறைந்து போய்விடாது.

கோயில், மசூதி, மாதா கோயில் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குழியைத் திறந்து வேறொருவரை வைக்கும் முன் பழைய பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். கட்டடம் இடிக்கும்போது உபயக் கல்லைக் குப்பையில் போடாதீர்கள். முனிசிபாலிட்டியும் பழைய பதிவேடுகள் கறையானுக்கு இரையாகும் முன் அவற்றைப் படமெடுத்து, ஜனங்கள் தேடும்படி வைக்க வேண்டும். புனர்நிர்மாணக் கணக்கெடுப்பில் பள்ளிப் பதிவேட்டையும் மரணப் பதிவையும் சாட்சியாக ஏற்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் அதிகமில்லை. புல்டோசர் வரும் தேதியை அது வருவதற்கு முதல் நாள்தான் நமக்குச் சொல்வார்கள். எண்பது வயதுக்காரர்கள் அந்த ஒரு நாளும் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிக் குடத்தை இறக்குங்கள். அதன் கழுத்தில் இருக்கும் பெயரை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வருஷத்தைப் போடுங்கள். பேரேட்டின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.